புது ஆளைக் கண்டு மிரளும் நாயின் மூளை எப்படி மனம் மாறுகிறது?

காப்பகத்திலிருந்து தத்து எடுத்து வந்த நாய் வீட்டாரோடு சீக்கிரமே ஒட்டிக்கொள்ளும். வேளாவேளைக்குச் சாப்பிடும், கால்மாட்டில் வந்து படுக்கும். ஆனால் அழைப்புமணி அடித்து யாராவது உள்ளே வந்தால் போதும், கட்டிலுக்கு அடியில் போய் ஒடுங்கிவிடும். இல்லையென்றால் தொண்டை வற்றக் குரைக்கும். பார்ப்பவர்கள் உடனே சொல்வார்கள்: “நாலு பேரோட பழக விடுங்க, தானா சரியாயிடும்.” நல்ல மனதோடு சொல்லும் யோசனைதான். ஆனால் ஏற்கெனவே மிரண்டுபோயிருக்கும் நாய்க்கு இது பெரும்பாலும் கெடுதலாகத்தான் முடிகிறது.

எத்தனை பேரைப் பார்த்தது என்பதை வைத்து நாயின் பயம் குறைவதில்லை. புது ஆளைப் பார்த்ததும் அடுத்து என்ன நடந்தது, அந்த நேரத்தில் உடம்பு எந்த நிலையில் இருந்தது என்பதைத்தான் மூளை பதிந்துவைக்கிறது. கலங்கிப்போன நிலையில் பத்துப் பேரைச் சந்தித்தால், பத்து முறை பயத்தைப் பயிற்சி செய்ததாகத்தான் ஆகும்.

இந்தப் பயம் எங்கிருந்து வருகிறது? யாரோ அடித்திருப்பார்கள் என்றுதான் நாம் முதலில் நினைக்கிறோம். அப்படியும் இருக்கலாம். ஆனால் யாருமே கை ஓங்காத நாயும் இப்படி ஆவதுண்டு. அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்தின் ஜாக்சன் ஆய்வகத்தில் ஃப்ரீட்மேன், கிங், எலியட் ஆகிய மூவரும் செய்த சோதனை 1961இல் வெளியானது. வேலி போட்ட திறந்தவெளியில், மனித வாடையே இல்லாமல், தாயோடு குட்டிகளை வளர்த்தார்கள். வெவ்வேறு வயதில் சில குட்டிகளை ஒரு வாரம் மட்டும் வெளியே எடுத்து மனிதர்களோடு விளையாட விட்டார்கள். அந்த ஒரு வாரம் சரியான வயதில் கிடைத்த குட்டிகள் மனிதர்களை ஏற்றுக்கொண்டன. 14 வாரம் வரை மனிதரையே பார்க்காத குட்டிகளோ காட்டு விலங்கு போல விலகி ஓடின. சுமார் 3 வாரம் முதல் 12 வாரம் வரையிலான அந்தக் காலத்தில்தான் எது சாதாரணம், எது ஆபத்து என்று குட்டியின் மூளை பிரித்துக்கொள்கிறது. அப்போது தொப்பி போட்டவரையோ, தாடிக்காரரையோ, கைத்தடியோடு நடப்பவரையோ பார்க்காத நாய்க்கு, வளர்ந்தபின் அவர்கள் எல்லோரும் ஆபத்துப் பட்டியலில் வரலாம். பிறவிக் குணமும் இதில் சேரும். ஆகவே பழைய கதையைத் தோண்டிக்கொண்டிருப்பதால் பெரிய பயன் இல்லை. இன்று அது எதைப் பார்த்து மிரள்கிறது, எவ்வளவு தூரத்தில் மிரள்கிறது என்பதைக் கவனித்தால் போதும்.

நம்பிக்கை தரும் செய்தியும் இருக்கிறது. ஹங்கேரி ஆய்வாளர்கள் 2001இல் காப்பக நாய்களை வைத்துச் செய்த ஆய்வில், ஒரே ஆள் 10 நிமிடம் வீதம் மூன்று முறை கூட இருந்து பழகியதுமே வளர்ந்த நாய்கள் அவரிடம் பற்று காட்டத் தொடங்கின. உங்கள் நாய் உங்களோடு வேகமாக ஒட்டிக்கொள்வதில் ஆச்சரியமில்லை. ஆனால் ஒருவரோடு ஒட்டிக்கொள்வது வேறு, ஊரையே நம்புவது வேறு.

அறிமுகமில்லாத ஆள் உள்ளே வரும்போது, மூளையின் ஆழத்திலுள்ள அமிக்டலா அபாயச் சங்கு ஊதுகிறது. அட்ரினலின் என்ற ஹார்மோன் நொடிகளில் பாய்ந்து இதயத்துடிப்பு எகிறுகிறது, ரத்தம் தசைகளுக்குத் திரும்புகிறது, குடல் வேலையைக் குறைத்துக்கொள்கிறது. கார்ட்டிசால் என்ற இன்னொரு பதற்ற ஹார்மோன் கொஞ்சம் மெதுவாக ஏறி, இன்னும் மெதுவாக இறங்கும். அடுப்பை அணைத்ததும் பாத்திரத்தின் சூடு ஆறிவிடாதது போல, வந்தவர் போனபின்னும் நாயின் உடம்பு நெடுநேரம் அதே பதற்றத்தில் இருக்கும். அதற்குள் இன்னொருவர் வந்தால் பதற்றத்தின் மேல் பதற்றம்தான். அமெரிக்கக் காப்பகம் ஒன்றில் 1990களில் நாய்களின் ரத்தத்தைச் சோதித்தபோது, வந்த முதல் மூன்று நாட்களில் கார்ட்டிசால் தெளிவாக உயர்ந்திருந்தது. இடம் மாறுவதே அவற்றுக்குப் பெரிய அதிர்ச்சி. உங்கள் வீடும் அதற்கு ஒரு புது இடம்தான். எனவே நாயைக் கொண்டுவந்த முதல் சில நாட்களுக்கு விருந்தாளிகளே வேண்டாம் என்பேன். “புது நாயைப் பார்க்க வரட்டுமா?” என்று ஆசையோடு கேட்பவர்களிடம் அப்புறம் வாங்க என்று தயங்காமல் சொல்லிவிடுங்கள்.

குடல் வேலையைக் குறைப்பதைப் பற்றிச் சொன்னேன் அல்லவா, அது நமக்கு ஒரு நல்ல அளவுகோல். வேகவைத்த கோழிக்கறி என்றால் உயிரை விடும் நாய், புது ஆள் நிற்கும்போது அதே துண்டை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை என்றால் அது கற்கும் நிலையில் இல்லை. இன்னும் தள்ளிப் போக வேண்டும். கையையே கடித்துவிடும் அவசரத்தில் பிடுங்கித் தின்றால், எல்லையை நெருங்கிவிட்டது என்று பொருள். வழக்கம்போல மென்று தின்றால் தூரம் சரி.

உடம்பு பேசும் மற்றதையும் படிக்கப் பழகுங்கள். பசியில்லாத நேரத்தில் மூக்கை நக்கிக்கொள்வது, தூக்கமில்லாமல் கொட்டாவி விடுவது, தலையைத் திருப்பிக்கொண்டு கடைக்கண்ணால் பார்க்கும்போது கண்ணின் வெள்ளை பிறைபோலத் தெரிவது, ஒரு முன்காலை லேசாகத் தூக்கிவைத்துக்கொள்வது எல்லாம் நெருக்கடியின் அறிகுறிகள். வாலாட்டினாலே மகிழ்ச்சி என்று நினைப்பதும் தவறு. இத்தாலியில் 2007இல் வெளியான ஆய்வின்படி, உரிமையாளரைப் பார்க்கும்போது வால் வலப்பக்கம் அதிகம் போகிறது, மிரட்டலான புது நாயைப் பார்க்கும்போது இடப்பக்கம். எனக்கு அதிகக் கவலை தருவது அசையாமல் நிற்கும் நாய்தான். சுற்றி நின்று நாலு பேர் தடவும்போது அது சிலை மாதிரி நிற்கும். “பாருங்க, எவ்வளவு சாது!” என்பார்கள். ஓட வழியில்லை என்று தெரிந்து உறைந்துபோயிருக்கிறது அது.

உறுமினால் அதட்டாதீர்கள். உறுமல் என்பது கடிக்கும் முன் நாய் தரும் எச்சரிக்கை. அதை அடக்கினால் பயம் போகாது, எச்சரிக்கை மட்டும்தான் போகும். பென்சில்வேனியா பல்கலைக்கழகம் 2009இல் வெளியிட்ட ஆய்வில், நாயை அடித்ததாகவோ உதைத்ததாகவோ சொன்ன உரிமையாளர்களில் 43 சதவீதம் பேர், நாய் பதிலுக்கு ஆக்ரோஷம் காட்டியது என்றார்கள்.

சரி, எதுதான் வேலை செய்யும்? வழி முதலில் தெரியவந்தது ஒரு குழந்தையிடம். பீட்டர் என்ற பெயரில் குறிப்பிடப்படும் அந்தச் சிறுவனுக்கு வயது மூன்றுகூட நிரம்பவில்லை. முயலைக் கண்டால் அலறுவான். மேரி கவர் ஜோன்ஸ் என்ற உளவியலாளர், அவனுக்குப் பிடித்த தின்பண்டத்தை அவன் சாப்பிடும்போது, கூண்டிலிருந்த முயலை அவன் கலங்காத தூரத்தில் வைத்து, நாட்போக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே கொண்டுவந்தார். கடைசியில் அவன் முயலைத் தடவிக்கொடுத்தான். 1924இல் பதிவான இந்த முறையின் அடிப்படைதான் இன்றைக்கும் பயந்த நாய்களுக்குப் பயன்படுகிறது. ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவின் சோதனையில், தீனிக்கு முன் ஒரு ஒலியைத் திரும்பத் திரும்பக் கேட்ட நாய்களுக்கு, ஒலி கேட்டதுமே எச்சில் ஊறிய அதே கற்றல்தான் இது.

இதில் வரிசை மாறக் கூடாது. முதலில் ஆள், பிறகு தீனி. நடைக்குப் போகும்போது எதிரே தொலைவில் ஒருவர் வருகிறார். நாய் அவரைப் பார்க்கிறது. காது முன்னால் வருகிறது, வாய் மூடிக்கொள்கிறது. அந்த நொடியில் ஒரு கோழித்துண்டு, இன்னொன்று, இன்னொன்று. அவர் மறைந்ததும் தீனியும் நின்றுவிட வேண்டும். நாமே முந்திக்கொண்டு தீனியைக் காட்டிவிட்டு ஆளிடம் கூட்டிப்போனால், தீனிப் பையைக் கண்டாலே “யாரோ வரப்போகிறார்கள்” என்று நாய் பதறக் கற்றுக்கொள்ளும். சரியாக நடந்தால் ஒருநாள் ஆளைப் பார்த்ததும் நாய் குரைக்காமல் சட்டென்று உங்கள் கையைத் திரும்பிப் பார்க்கும். மூளை கணக்கை மாற்றிக்கொண்டதை நீங்கள் கண்ணால் பார்க்கும் இடம் அது. அதன் பிறகே தூரத்தைக் குறைக்க வேண்டும், அதுவும் சில அடிகள்தான்.

வீட்டுக்கு வருபவரிடம் பிஸ்கட்டைக் கொடுத்து “நீங்களே ஊட்டுங்க” என்பது பலரும் செய்வது. நான் அதை ஆதரிப்பதில்லை. ஆசை இழுக்க, பயம் தடுக்க, நாய் கழுத்தை நீட்டிப் பின்னங்கால்களைப் பின்னாலேயே ஊன்றிக்கொண்டு வாங்கும். வாயில் விழுந்ததும் ஆசை தீர்ந்துவிடும். மிஞ்சுவது பயமும், முகத்துக்கு மிக அருகில் ஒரு கையும். கடி விழுவது அப்போதுதான். அதற்குப் பதில் வந்தவர் பக்கவாட்டில் உட்கார்ந்து, நாயைப் பார்க்காமல், தீனியை நாய்க்குப் பின்பக்கம் எறியட்டும். தின்ன விலகிப் போகும்போது அதற்கு நிம்மதியும் கிடைக்கிறது. திரும்பிக் கிட்டே வருவதா வேண்டாமா என்பது அதன் விருப்பம்.

நீங்கள் அருகில் இருப்பதும் மருந்துதான். மிரட்டும் பாவனையோடு ஒருவர் நெருங்கும்போது, உரிமையாளர் கூட இருந்தால் நாயின் இதயத்துடிப்பு அவ்வளவாக ஏறுவதில்லை என்று 2013இல் வந்த ஆய்வு காட்டியது. தேற்றினால் பயம் வளரும் என்ற நம்பிக்கைக்கு ஆதாரமில்லை. ஒட்டி வந்து நின்றால் தாராளமாகத் தடவிக்கொடுங்கள்.

முன்னேற்றம் நேர்கோட்டில் போகாது. பழைய பயத்தின் பதிவு மூளையிலிருந்து அழிவதில்லை. அதன் மேல் புதுப் பதிவு உட்காருகிறது. புதுப் பதிவு எந்த இடத்தில் கற்றதோ அந்த இடத்தோடு அதிகம் ஒட்டியிருக்கும், பயமோ எங்கும் கூடவே வரும். கூடத்தில் விருந்தாளியோடு நிம்மதியாக இருக்கும் நாய், மாடிப்படியில் அவரையே கண்டு உறுமுவது இதனால்தான். வேறு இடத்தில், வேறு உடையில், வேறு ஆளோடு மறுபடியும் தூரத்திலிருந்து தொடங்க வேண்டும்.

திடீரென்று பயம் கூடினால் முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். மூட்டுவலி, காதுவலி இருக்கும் நாய் யாரையும் அண்டவிடாது. கடித்திருந்தாலோ கடிக்கும் அளவுக்குப் போயிருந்தாலோ, வாய்க்கூடையைத் தீனி வைத்துப் பொறுமையாகப் பழக்கி, நடத்தைச் சிக்கல்களில் அனுபவமுள்ள மருத்துவரைப் பாருங்கள். எவ்வளவு தூரம் விலகினாலும் தீனியைத் தொடாத நாய்களுக்கு ஃப்ளூவாக்ஸெட்டின் போன்ற மருந்துகளை அவர் எழுதித் தரக்கூடும். அவை வேலைசெய்யத் தொடங்கச் சில வாரங்கள் ஆகும். பயத்தைக் கொஞ்சம் தணித்து, நாய் தின்னக்கூடிய, கற்கக்கூடிய ஒரு தூரத்தை அவை ஏற்படுத்தித் தரும். அங்கிருந்து கோழித்துண்டோடு பயிற்சியைத் தொடங்கலாம்.