நேர்கோட்டுக்கு ஷாக் கிடையாது

போன வாரம் இரவுப் பணியில் இருந்தபோது ஒருவரைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். ஐம்பது வயதிருக்கும். வீட்டில் பேசிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்து விழுந்துவிட்டாராம். படுக்கையில் கிடத்தி நெஞ்சை அழுத்தத் தொடங்கினோம், மானிட்டரை மாட்டினோம். திரையில் ஏறக்குறைய நேர்கோடு. கூட வந்த மகன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஷாக் கொடுங்க டாக்டர், ஏன் கொடுக்க மாட்டேங்கிறீங்க?" என்று கதறினார். அரை மணி நேரத்துக்கு மேல் போராடிப் பார்த்தோம். முடியவில்லை.

பிறகு அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அப்பா விழுந்ததும் என்ன நடந்தது என்று கேட்டேன். "மூச்சு இருந்துச்சு டாக்டர். வாயைத் திறந்து திறந்து இழுத்தார். எப்படியாவது இங்க கொண்டுவந்துட்டா ஷாக் கொடுத்துக் காப்பாத்திடுவீங்கன்னு நினைச்சோம்" என்றார். பதினைந்து நிமிடப் பயணம். வழியில் ஒருவரும் நெஞ்சில் கை வைக்கவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தொலைக்காட்சி நாடகங்களில் நூறு தடவை பார்த்ததை நம்பியிருக்கிறார், அவ்வளவுதான். ஆனால் அந்த நூறு காட்சிகளின் மேல் எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. இந்தக் கதையை நான் கேட்பது இது முதல் முறையும் இல்லை.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மருத்துவ நாடகங்களுக்கு நான் எதிரி இல்லை. செவிலியப் படிப்பின் முதலாண்டு மாணவர்களுக்கு உடற்கூறும் உடலியங்கியலும் நடத்துகிறேன், அந்த வகுப்புகளில் இந்தக் காட்சிகளைத்தான் போட்டுக்காட்டுகிறேன். இதயத்துக்கு நான்கு அறைகள் என்று படம் வரைந்தால் பின்வரிசை தூங்கிவிடும். கத்திக்குத்து வாங்கியவரின் கழுத்துச் சிரை (இதயத்துக்கு இரத்தம் கொண்டுவரும் குழாய்) புடைக்கிறது, இரத்த அழுத்தம் இறங்குகிறது, மருத்துவர் நெஞ்சில் ஊசியைச் செருகுகிறார் என்ற காட்சியைப் போட்டு, ஊசி உள்ளே போகும் நொடியில் நிறுத்திவிட்டு, "இப்போது உள்ளே என்ன நடக்கிறது?" என்று கேட்டால் மொத்த வகுப்பும் நிமிர்ந்து உட்காரும். இதயத்தைச் சுற்றி ஓர் உறை இருக்கிறது, அது சட்டென்று விரிந்துகொடுக்காது, அதற்குள் இரத்தம் கசிந்து நிரம்பினால் இதயத்துக்கு விரிய இடம் இல்லை, விரியாத இதயத்துக்குள் இரத்தம் வர வழியில்லை, வர வழியில்லாத இரத்தம் கழுத்துச் சிரைகளில் தேங்குகிறது. இவ்வளவையும் மாணவர்களே சொல்லிவிடுவார்கள். அந்தக் காட்சி சரியாக எடுக்கப்பட்ட காட்சி. அப்படியும் நிறைய இருக்கின்றன.

தவறாக எடுக்கப்பட்டதும் எனக்குப் பாடம்தான், நிறுத்திக் கேள்வி கேட்க ஆள் இருக்கும்வரை. வீட்டில் பார்ப்பவருக்கு அப்படி நிறுத்திக் கேட்க யாரும் இல்லை.

சரி, அந்த நேர்கோட்டுக்கு வருவோம். திரையில் பச்சைக் கோடு நீளமாக ஓடுகிறது, "பீ…" என்று ஒலி, இரண்டு தகடுகளை உரசி நெஞ்சில் வைக்கிறார்கள், உடல் தூக்கிப்போடுகிறது, கோடு மறுபடி ஏறி இறங்குகிறது. இதில் பார்வையாளர் மனதில் பதிவது ஒன்றுதான்: இதயம் நின்றுவிட்டால் மின்சாரம் கொடுத்து ஓடவைக்கலாம். இது தவறு. கொஞ்சம் தவறு என்றுகூடச் சொல்ல முடியாது, நடப்பதற்கு நேர்மாறு. ஷாக் இதயத்தை ஓடவைப்பதில்லை. ஒரு கணம் நிறுத்துகிறது.

வகுப்பில் நான் இதை இப்படித்தான் சொல்வேன். இதயத்தின் வலது மேலறையில் எஸ்.ஏ. நோட் என்று ஒரு சிறு திசுக்கூட்டம். ஓய்வில் இருக்கும் பெரியவருக்கு அது நிமிடத்துக்கு 60 முதல் 100 தடவை மின்தூண்டலை அனுப்பும். அந்தத் தூண்டல் ஒழுங்காகப் பரவி, தசை முழுவதும் முறைப்படி சுருங்கினால் துடிப்பு. ஒருவர் வாசிக்க மற்றவர்கள் சேர்ந்து சொல்லும் வகுப்பு மாதிரி. சில சமயம் அந்த ஒழுங்கு குலைந்து கீழறைத் தசைகள் ஆளாளுக்குத் துடிக்கத் தொடங்கும். வகுப்பில் எல்லோரும் ஒரே நேரத்தில் வேறு வேறு பாடத்தைக் கத்துகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சத்தத்துக்குக் குறைவில்லை, ஆனால் ஒரு சொல்லும் கேட்காது. இதயமும் அப்படி நடுங்கிக்கொண்டே இருக்கும், ஒரு சொட்டு இரத்தத்தையும் தள்ளாது. இதற்குக் கீழறை நடுக்கம் என்று பெயர். மானிட்டரில் இது நேர்கோடாகத் தெரியாது, கிறுக்கியதுபோல் தெரியும்.

இப்போது ஆசிரியர் மேசையை ஓங்கி ஒரு தட்டு தட்டுகிறார். எல்லோரும் வாயடைத்துப் போகிறார்கள். அந்த அமைதியில் முதலில் வாசித்தவர் மறுபடி தொடங்க, வகுப்பு பின்தொடர்கிறது. ஷாக் என்பது அந்தத் தட்டு. கண்டபடி ஓடும் மின்னோட்டத்தை ஒரே அடியில் அடக்குகிறது, அதற்குப் பிறகு எஸ்.ஏ. நோட் தானாகப் பொறுப்பை எடுத்துக்கொள்ள வேண்டும்.

நேர்கோடு என்பது காலியான வகுப்பு. அங்கே மேசையைத் தட்டி யாரை அடக்குவது?

இந்த ஒரு கேள்வி புரிந்தால் மிச்சம் எல்லாம் புரிந்துவிடும். நேர்கோட்டைப் பார்த்தால் நாங்கள் முதலில் ஒயர் கழன்றிருக்கிறதா என்று பார்ப்போம். (உண்மையான நேர்கோடு அளவுகோல் வைத்துக் கிழித்தாற்போல் இருப்பது குறைவு, லேசாக அலைபாயும். அளவுகோல் கோடு என்றால் எனக்கு ஒயர் மேல்தான் சந்தேகம்.) பிறகு நெஞ்சழுத்தம், அட்ரினலின் ஊசி, எதனால் நின்றது என்ற தேடல்: ஆக்சிஜன் போதவில்லையா, இரத்தம் போய்விட்டதா, பொட்டாசியம் ஏறிவிட்டதா. ஷாக் அந்தப் பட்டியலிலேயே இல்லை. அந்த மகனிடம் இதை எல்லாம் அந்த இரவில் எப்படிச் சொல்வது?

எனக்கு மிகவும் வலிப்பது வேறொன்று. பெரியவர்கள் திடீரென்று சரியும்போது, பலருக்குத் தொடக்கத்தில் இருப்பது அந்தக் கீழறை நடுக்கம்தான். ஷாக்குக்குக் கட்டுப்படக்கூடிய நிலை. ஆனால் நடுங்கும் தசைக்கும் எரிபொருள் வேண்டும், இரத்த ஓட்டம் இல்லாமல் அது தன்னிடம் இருப்பதைத் தின்றுதீர்க்கிறது. நடுக்கம் சிறுத்துச் சிறுத்து நேர்கோட்டில் முடிகிறது. நெஞ்சை அழுத்திக்கொண்டே இருந்தால் இதயத் தசைக்கும் மூளைக்கும் கொஞ்சம் இரத்தம் போகும், நடுக்கம் கூடுதல் நேரம் தாக்குப்பிடிக்கும், ஷாக் கொடுக்கும் கருவி வந்துசேரும்போது அது வேலைசெய்ய வாய்ப்பு மிஞ்சியிருக்கும். ஒன்றும் செய்யாமல் விட்டால், கடக்கும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம்வரை குறைகிறது. அப்படியென்றால் பதினைந்து நிமிடத்துக்கு எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

மனித இதயத்துக்கு முதன்முதலில் வெற்றிகரமாக ஷாக் கொடுத்தவர் கிளாட் பெக் என்ற அறுவை மருத்துவர். 1947-இல், 14 வயதுச் சிறுவனுக்கு, திறந்த நெஞ்சில், இதயத்தின் மேலேயே தகடு வைத்துக் கொடுத்தார். ஷாக் கொடுக்கும்வரை அந்தச் சிறுவனை உயிரோடு வைத்திருந்தது கைகள்தான், இதயத்தை நேரடியாகக் கையால் பிசைந்துகொண்டே இருந்தார்கள். நெஞ்சைத் திறக்காமல் வெளியிலிருந்து அழுத்தினாலே போதும் என்று 1960-இல் கௌவன்ஹோவன், ஜூட், நிக்கர்பாக்கர் மூவரும் எழுதிய பிறகுதான் அந்த வேலை சாதாரண மனிதர் கைக்கு வந்தது. அதை நாம் மறந்துவிட்டு இயந்திரத்துக்குக் காத்திருக்கிறோம்.

"மூச்சு இருந்துச்சு" என்றாரே, அதையும் சொல்ல வேண்டும். இதயம் நின்ற பிறகும் மூளைத்தண்டு கடைசியாக ஒன்றிரண்டு உத்தரவுகளை அனுப்பும். இடைவெளிவிட்டு, வாயைத் திறந்து, மீன் மாதிரி இழுப்பார்கள், சில சமயம் குறட்டைபோல் ஒலி வரும். அது மூச்சு இல்லை. தட்டிக் கூப்பிட்டும் அசையவில்லை, மூச்சு சீராக இல்லை என்றால் இதயம் நின்றுவிட்டது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். நாடித்துடிப்பைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள், பதற்றத்தில் நீங்கள் உணர்வது பெரும்பாலும் உங்கள் விரலின் துடிப்பாகத்தான் இருக்கும். நாடகங்களில் இந்த இழுப்பு வருவதே இல்லை. விழுந்தவர் கண்மூடி அழகாகப் படுத்திருப்பார்.

அழுத்துவதையும் அங்கே பார்த்துக் கற்றுக்கொள்ளாதீர்கள். முழங்கையை மடக்கி, தோளை ஆட்டி, மெத்தையைத் தட்டிப்பார்ப்பதுபோல் செய்வார்கள். உயிரோடு படுத்திருக்கும் நடிகரை உண்மையாக அழுத்தினால் விலா எலும்பு முறியும், அதனால் அவர்களுக்கு வேறு வழியில்லை. உங்களுக்கு இருக்கிறது. இதயம் இடது பக்கத்தில் இருப்பதாக எண்ணி இடது மார்பை அழுத்துபவர்களும் நிறைய. இதயம் நெஞ்செலும்புக்குப் பின்னால் நடுவில் இருக்கிறது, அதன் முனைதான் இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது. துடிப்பு அங்கே தட்டுப்படுவதால் இதயமே அங்கே இருப்பதாக நினைத்துவிடுகிறோம். முன்னால் நெஞ்செலும்பு, பின்னால் முதுகெலும்பு, நடுவில் இதயம். அதனால் நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, மற்றக் கையை அதன் மேல் கோத்து, முழங்கையை நேராக நீட்டி, உடல் எடையைப் போட்டு அழுத்த வேண்டும். பெரியவருக்கு 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. ஒவ்வொரு தடவையும் நெஞ்சு முழுவதுமாக மேலே வரட்டும், இதயம் நிரம்புவது அப்போதுதான். தரையில் கிடத்திச் செய்யுங்கள், மெத்தையில் செய்தால் மெத்தைதான் அமுங்கும்.

விலா முறிந்துவிடுமே என்று கேட்பார்கள். முறியலாம். முறிந்த விலா கூடிவிடும். தவறாக நினைத்து, இதயம் ஓடிக்கொண்டிருப்பவரை அழுத்திவிட்டால்? அவரே முனகிக் கையைத் தட்டிவிடுவார், பெரிய கேடு வருவது அபூர்வம். தயவுசெய்து அந்தப் பயத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்காதீர்கள். வாயோடு வாய் வைத்து ஊதத் தயக்கமா, ஊத வேண்டாம். திடீரென்று விழுந்த பெரியவரின் இரத்தத்தில் முதல் சில நிமிடங்களுக்குப் போதுமான ஆக்சிஜன் இருக்கிறது, அதைச் சுற்றவைத்தால் போதும். குழந்தைகளும் நீரில் மூழ்கியவர்களும் இதற்கு விலக்கு, அவர்களுக்கு ஆக்சிஜன் தீர்ந்துதான் இதயமே நின்றிருக்கும், அதனால் காற்றும் தேவை. பொது இடங்களில் மாட்டியிருக்கும் ஏ.இ.டி. பெட்டி (யாரும் பயன்படுத்தக்கூடிய தானியங்கி ஷாக் கருவி) பக்கத்தில் இருந்தால் ஒருவரை அனுப்பி எடுத்துவரச் சொல்லுங்கள். அது வாய்விட்டுச் சொல்லும், சொன்னபடி செய்யுங்கள். நடுக்கம் இருக்கிறதா என்று தானே பார்த்துக்கொள்ளும், நேர்கோட்டுக்கு அதுவும் ஷாக் கொடுக்காது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மாரடைப்பு வேறு, இதயம் நிற்பது வேறு. முன்னது இரத்தக்குழாய் அடைப்பு, நோயாளி பேசுவார், வியர்ப்பார், நடந்துகூட வருவார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உடனே விழுந்தால்தான் மாரடைப்பு என்று எண்ணி வலியோடு வீட்டில் உட்கார்ந்திருக்காதீர்கள். வலிப்பு வந்தவர் வாயில் எதையும் திணிக்காதீர்கள், நாக்கை யாராலும் விழுங்க முடியாது. சந்தேகம் இருந்தால் கண்ணாடி முன் நாக்கைத் தூக்கிப் பாருங்கள், அடியில் ஒரு நாண் அதைக் கட்டிவைத்திருப்பது தெரியும். தலைக்கடியில் மெத்தென்று எதையாவது வையுங்கள், அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், ஐந்து நிமிடம் தாண்டினால் ஆம்புலன்ஸ். குத்திய கத்தியைப் பிடுங்காதீர்கள், அறுபட்ட இரத்தக்குழாயை அடைத்துக்கொண்டிருப்பதே அதுவாக இருக்கலாம். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலுக்குள் போய்விடும்.

தொலைக்காட்சி நாடகங்களில் சி.பி.ஆர். (நெஞ்சை அழுத்தி உயிர்ப்பிக்கும் முதலுதவி) செய்தால் எத்தனை பேர் பிழைக்கிறார்கள் என்று எண்ணிப்பார்த்து 1996-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வந்தது. அந்த நேரத்துக்குத் தப்பியவர்கள் 75 சதவீதம். மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்று, பிழைத்து வீடு திரும்புகிறவர்கள் பல நாடுகளில் பத்தில் ஒருவர் அளவுக்குத்தான். இதைச் சொன்னதும் ஒரு மாணவி, "அப்போ எதுக்குச் செய்யணும்?" என்று கேட்டாள். விழுந்த இடத்திலேயே யாராவது அழுத்தத் தொடங்கினால் அந்த வாய்ப்பு இரண்டு மூன்று மடங்குகூட ஆகலாம் என்றேன்.

அந்த இரவுக்கு மறுநாள் வகுப்பில் காட்சியை ஒலி இல்லாமல் ஓடவிட்டு, மாணவர்களைப் பயிற்சிப் பொம்மையிடம் கூப்பிட்டேன். திரையில் நடிகர் ஆறேழு தடவை அழுத்தி நிமிர்ந்துவிட்டார். அந்த மாணவி அழுத்திக்கொண்டே இருந்தாள். இரண்டு நிமிடத்தில் நெற்றி வியர்த்து, கை தளர்ந்து, ஆழம் குறையத் தொடங்கியது.

"இன்னும் எவ்வளவு நேரம் மேடம்?"

"ஆம்புலன்ஸ் வரும்வரை. நீ நகர்ந்துகொள், அடுத்தவர் வரட்டும். இடையில் நிறுத்தாதீர்கள்."