சோர்ந்துபோன ஆசிரியரிடம் இன்னும் வேண்டிக்கொள்ளச் சொல்லாதீர்கள்

சிங்கப்பூரில் மூன்றாம் தவணை வந்தாலே என்னிடம் ஆலோசனைக்கு வரும் ஆசிரியர்களின் எண்ணிக்கை கூடிவிடும். வாய்மொழித் தேர்வு, பிஎஸ்எல்இ எனப்படும் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வின் எழுத்துத் தாள்கள், ஆண்டிறுதித் தேர்வு என்று வேலை வரிசை கட்டி நிற்கும் காலம். வருகிறவர்களில் பலர் பக்தி உள்ளவர்கள். வெள்ளிக்கிழமை கோயிலுக்குத் தவறாதவர்கள், ஞாயிறு ஆராதனையில் பாடுகிறவர்கள், ஐவேளைத் தொழுகையை விடாதவர்கள். உட்கார்ந்ததும் அவர்கள் சொல்வது ஏறக்குறைய ஒரே வாக்கியம்: "எனக்கு நம்பிக்கை குறைஞ்சுபோச்சு போல."

உங்களுக்குக் குறைந்திருப்பது தூக்கம். இதை இன்னும் எத்தனை பேரிடம் சொல்ல வேண்டியிருக்குமோ என்ற ஆற்றாமையில்தான் இதை எழுதுகிறேன்.

இவர்களுக்கு ஏற்கெனவே யாரோ ஒருவர் ஆறுதல் சொல்லியிருப்பார். "ஆசிரியப் பணி அறப்பணி, அதற்கே உன்னை அர்ப்பணி" என்று ஒருவர். "தாங்க முடியாத பாரத்தை ஆண்டவர் தரமாட்டார் சிஸ்டர்" என்று இன்னொருவர். "பலனை எதிர்பார்க்காம செய்யுங்க டீச்சர்" என்று மூன்றாமவர். எல்லாம் நல்ல மனத்தோடு சொன்னவை. ஆனால் அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போகும் ஆசிரியை என்ன செய்கிறார்? ஐந்து மணிக்கு எழுந்தவர் நாலரைக்கு எழுந்து விளக்கேற்றுகிறார். செவ்வாய் விரதத்தோடு வெள்ளியையும் சேர்த்துக்கொள்கிறார். ஞாயிறு பள்ளியில் இன்னொரு வகுப்பையும் ஏற்றுக்கொள்கிறார். மூன்று வாரத்தில் நிலைமை முற்றிப்போகிறது. களைப்போடு இப்போது குற்ற உணர்வும் சேர்ந்துவிடுகிறது.

களைப்பு பக்திக் குறைவின் அடையாளம் என்ற இந்த எண்ணத்துக்கு நானறிந்த எந்தச் சமய நூலிலும் ஆதாரம் இல்லை. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கீதையிலிருந்து தொடங்குவோம். பலனில் பற்று வைக்காதே என்ற இரண்டாம் அத்தியாயத்து வரி எல்லாருக்கும் மனப்பாடம். வேலைப்பளுவைப் பற்றி நியாயமாகக் கேள்வி கேட்கும் ஆசிரியரின் வாயை அடைக்கவும் அதே வரியைத்தான் எடுக்கிறார்கள். ஆறாம் அத்தியாயத்தில் 16, 17ஆம் சுலோகங்களை யாரும் சொல்வதில்லை. அளவு மீறி உண்பவனுக்கும் உண்ணாமலே இருப்பவனுக்கும், மிகுதியாக உறங்குபவனுக்கும் விழித்தே கிடப்பவனுக்கும் யோகம் கைகூடாது என்கிறது அந்த இடம். உணவிலும் உழைப்பிலும் உறக்கத்திலும் விழிப்பிலும் அளவோடு இருப்பவனுக்குத்தான் துயர் தீரும் என்கிறது. நள்ளிரவு ஒரு மணிவரை கட்டுரை திருத்துவதைக் கர்மயோகம் என்று அழைக்கிறவர்கள் இதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

இஸ்லாத்திலும் இதே பேச்சு உண்டு. பகலெல்லாம் நோன்பும் இரவெல்லாம் தொழுகையுமாக இருந்த தோழர் ஒருவரை நபிகள் நாயகம் தடுத்தார்; உன் உடலுக்கு உன்மீது உரிமை உண்டு, உன் கண்ணுக்கும் உரிமை உண்டு, உன் மனைவிக்கும் உரிமை உண்டு என்றார்.

ஆசிரியர்களுக்கு மிகவும் பொருந்துவது எலியா தீர்க்கதரிசியின் கதை. முதலாம் இராஜாக்கள் 19ஆம் அதிகாரம். பெரிய வெற்றி ஒன்றை அடுத்து, சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும், என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்கிறார் எலியா. அதற்குக் கடவுள் செய்த காரியங்களின் வரிசையைப் பாருங்கள். முதலில் தூங்கவிடுகிறார். தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் தருகிறார். மறுபடி தூங்கவிடுகிறார். மறுபடி உணவு, போகவேண்டிய தூரம் அதிகம் என்று தூதன் சொல்கிறான். நாற்பது நாள் நடந்து ஓரேப் மலை சேர்ந்த பிறகுதான் கேள்வி வருகிறது. நான் ஒருவன் மட்டும் மீந்திருக்கிறேன் என்று எலியா புலம்ப, கடவுள் புதுப் பணியும், கூடவே எலிசா என்ற துணையும் தருகிறார். கடைசியில், நீ ஒருவன் மட்டும் இல்லை, ஏழாயிரம் பேர் இருக்கிறார்கள் என்ற பதில். ஓர் இடத்திலும் கடவுள் அவரைப் பார்த்து நம்பிக்கையற்றவனே என்று சொல்லவில்லை. தூக்கம், உணவு, நடை, கேள்வி, பணி, துணை. சோர்ந்தவரைத் தேற்றுவதற்கு இதைவிடச் சரியான வரிசையை எந்தப் பயிற்சியிலும் கற்றுத்தர முடியாது. நாம் தலைகீழாகச் செய்கிறோம்: முதலில் அர்ப்பணிப்பு உரை, தூக்கம் டிசம்பரில்.

தமிழ் படித்தவர்களுக்கு நன்னூல் என்ற இலக்கண நூலையும் நினைவூட்ட வேண்டும். நல்லாசிரியருக்கு நிலத்தை உவமை சொல்லும்போது பொறுமையை மட்டும் எடுத்துக்கொண்டு மேடைகளில் பேசுகிறோம். அதை எழுதிய பவணந்தியார் அங்கே இன்னொன்றும் சொல்கிறார்: "பருவ முயற்சி அளவிற் பயத்தல்". பருவத்துக்கும் இட்ட உழைப்புக்கும் ஏற்ற அளவில்தான் நிலம் விளைச்சல் தரும். பருவம் தவறியும் எருவிடாமலும் ஆண்டு முழுக்க விளையச் சொன்னால் எந்த நிலமும் தராது.

இன்னொரு தவறான எண்ணமும் இதோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. குறை சொன்னால் பாவம் என்பது. கண் பார்வை போன சுந்தரர் திருவாரூர் இறைவனிடம் போய், எங்களை இப்படி அலையவிட்டு நீர் மட்டும் "வாழ்ந்து போதீரே" என்று பாட்டுக்குப் பாட்டு சண்டை போட்டார். அது இன்றும் திருமுறையில் இருக்கிறது, ஓதுவார்கள் பாடுகிறார்கள். சங்கீதப் புத்தகத்தில் புலம்பல் பாட்டுகள் ஏராளம். பிரார்த்தனையில் நன்றி மட்டும்தான் சொல்ல வேண்டும் என்று நினைக்கிற ஆசிரியர்கள் ஒரு வாரம் உள்ளதை உள்ளபடி சொல்லிப் பாருங்கள். மனத்தில் அடைத்து வைத்தது வெளியே வந்தால்தான் தூக்கம் வரும்.

இனி உடம்பு. "பணிச்சோர்வு" என்று நீங்களே முடிவு கட்டுவதற்கு முன்னால் பலதுறை மருந்தகத்திலோ குடும்ப மருத்துவரிடமோ இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். இரத்தச்சோகை, தைராய்டு, சர்க்கரை மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். சைவ உணவுக்காரர்கள் பி12ஐயும் கேளுங்கள். நாற்பதைத் தாண்டிய பெண்கள் மாதவிடாய் மாறுதல்களையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். குறட்டையும் பகல் தூக்கமும் இருந்தால் அதையும் மறைக்காதீர்கள். இவற்றில் ஒன்று ஒளிந்திருக்கும்போது எந்தத் தியானமும் களைப்பைப் போக்காது. இரும்புச்சத்து மாத்திரை எழுதிக்கொடுத்தால் அதைத் தேத்தண்ணீரோடு விழுங்காதீர்கள். ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்கள். தொண்டை கட்டிக்கொண்டு மூன்று வாரம் ஆகியும் குரல் சரியாகவில்லை என்றால் காது மூக்குத் தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.

விரதம் இருப்பவர்கள் நாட்காட்டியைப் பாருங்கள். புரட்டாசி செப்டம்பர் நடுவில் தொடங்கி அக்டோபர் நடுவில் முடிகிறது. பிஎஸ்எல்இ எழுத்துத் தேர்வும் ஆண்டிறுதித் தாள்கள் பலவும் அதே வாரங்களில்தான். புரட்டாசிச் சைவம் நல்லது. ஆனால் அசைவத்தை நிறுத்தி அந்த இடத்தில் எதையும் வைக்காமல், பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் ஒரு கோப்பித் தண்ணியோடு மதியத்தை ஓட்டுவது விரதம் ஆகாது. பருப்பு, தயிர், சோயாவில் செய்யும் தவ்பு, தெம்பே என்று ஏதாவது ஒன்று தட்டில் இருக்கட்டும். ரமலானில் விடியலுக்கு முன் உண்ணும் சஹர் உணவைத் தவிர்த்துவிட்டு ஏழு பாடவேளை நிற்பதும் அப்படித்தான்.

களைப்பா, பணிச்சோர்வா என்று பிரித்தறிய எளிய வழி ஒன்று உண்டு. ஒரு வார விடுமுறையில் நன்றாகத் தூங்கியெழுந்தால் களைப்பு இறங்கும். விடுமுறையின் கடைசி நாளிலும் அதே கனம் நெஞ்சில் இருந்தால் வேறு கதை. உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் பணிச்சோர்வை நோய் என்று சொல்லாமல், வேலையிடத்து அழுத்தத்தால் வரும் நிலை என்று வகைப்படுத்தியது. அதற்கு மூன்று முகங்கள்: வற்றிப்போதல், வேலையின்மீது வெறுப்பும் விலகலும், தன்னால் ஒன்றும் ஆகவில்லை என்ற எண்ணம். இரண்டாவதைத்தான் நான் கூர்ந்து கேட்பேன். பிள்ளைகளைப் பெயர் சொல்லாமல் "அந்த வகுப்பு", "அதுங்க" என்று பேசத் தொடங்கியிருந்தால் உடனே கவனிக்க வேண்டும். இந்த ஆசிரியர்கள் கெட்டவர்கள் ஆகிவிடவில்லை. வற்றியவர்கள்.

வேலையிடத்து அழுத்தம் என்று சொன்னால், வேலையையும் பார்க்க வேண்டும். பொருளியல் ஒத்துழைப்பு, மேம்பாட்டு அமைப்பு 2018இல் நடத்திய ஆய்வில், சிங்கப்பூர் உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்கள் வாரத்துக்கு ஏறத்தாழ 46 மணி நேரம் வேலை பார்ப்பதாகச் சொன்னார்கள். அதில் வகுப்பில் கற்பித்தது சுமார் 18 மணி நேரம்தான். மீதியில்தான் கை வைக்க முடியும்.

திருத்தும் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். 25 கட்டுரை, ஒன்றுக்கு 8 நிமிடம் என்றால் 200 நிமிடம், மூன்று மணி நேரத்துக்கு மேல். ஒவ்வொரு பிழையையும் சிவப்பு மையால் வட்டமிட்டால் மாணவர் ஒன்றையும் திரும்பிப் பார்ப்பதில்லை. மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார். இந்த முறை வேற்றுமை உருபுகள் மட்டும், அடுத்த முறை பத்தி அமைப்பு மட்டும் என்று மாணவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுத் திருத்துங்கள். 4 நிமிடத்தில் முடியும். முழுத் திருத்தம் தவணைக்கு இரண்டு கட்டுரைக்குப் போதும். துறைத் தலைவரிடம் முதலிலேயே பேசி ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள். வேண்டுதலைக் காரணம் காட்டி இந்தப் பேச்சைத் தள்ளிப்போடும் ஆசிரியர்கள் நிறைய. கோயிலில் சொல்லும் பாரத்தைத் துறைத் தலைவரிடமும் ஒரு முறை சொல்லுங்கள், எண்ணிக்கையோடு: எத்தனை வகுப்பு, எத்தனை தாள், எந்த இணைப்பாட நடவடிக்கை, வாரத்தில் எத்தனை மாலை.

பெற்றோரின் வாட்ஸ்அப் செய்திக்கு இரவு பத்து மணிக்குப் பதில் போடுவதைச் சேவை என்று எண்ண வேண்டாம். சொந்தக் கைப்பேசி எண்ணைத் தர வேண்டியதில்லை, பள்ளி நேரத்துக்குப் பிறகு வேலைச் செய்திகளுக்குப் பதில் தர வேண்டியதில்லை என்று கல்வி அமைச்சே 2024இல் வழிகாட்டி கொடுத்திருக்கிறது. அவசரத்துக்கு மட்டும் விலக்கு. வீட்டுப்பாடம் எந்தப் பக்கம் என்பது அவசரம் ஆகாது.

இதெல்லாம் ஓரளவு நிலைக்கு வந்த பிறகு பணியின் பொருளைத் தேடுவோம். அதையும் சிறிதாகத் தொடங்குங்கள்.

தினமும் மூன்று நிமிடம். புதிதாக நேரம் ஒதுக்காதீர்கள். ஏற்கெனவே செய்யும் ஒன்றோடு கட்டிவிடுங்கள். பேருந்திலிருந்து இறங்குவதற்கு முந்தைய நிறுத்தம், அல்லது வண்டியை நிறுத்தியபின் கதவைத் திறக்கும் முன். ஒரு திருப்புகழ் அடி, ஒரு வசனம், ஒரு துஆ. அதோடு ஒரே ஒரு மாணவரின் பெயர். நாற்பது பேருக்கும் சேர்த்து வேண்டினால் அது பட்டியலாகிவிடுகிறது, முகம் தெரிவதில்லை. ஒரு பெயரை மனத்தில் வைத்தால் அன்று அந்தப் பிள்ளையிடம் தானாகவே ஒரு வார்த்தை பேசுவீர்கள். பிரார்த்தனை உங்களுக்குள் இருக்கட்டும். அரசுப் பள்ளி பல சமயத்தாருக்கும் பொது இடம், வகுப்பிலும் ஆசிரியர் வாட்ஸ்அப் குழுவிலும் அதைக் கொண்டுவராதீர்கள்.

வாரத்தில் ஒரு பாடம். உங்களுக்கே ஆசையாக இருக்கும் ஒன்றை, அரை மணி நேரம் செலவழித்துத் தயாரியுங்கள். மற்றவை பழைய குறிப்பிலேயே நடக்கட்டும். இருபது பாடத்தையும் சிறப்பாக்கப் பார்ப்பவர் இரண்டாம் வாரத்தில் விட்டுவிடுகிறார்.

வாரத்தில் 24 மணி நேர ஓய்வு. சனி மாலை ஆறிலிருந்து ஞாயிறு மாலை ஆறுவரை என்று வைத்துக்கொள்ளலாம். புத்தகப் பையை அலமாரிக்குள் வைத்துப் பூட்டுங்கள், கண்ணில் படக் கூடாது. ஞாயிறு முழுக்கத் தேவாரப் பாடசாலையிலோ ஞாயிறு பள்ளியிலோ பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறவர்களுக்கு அது ஓய்வு நாள் ஆகாது. ஆறாவது வேலை நாள் என்றே கணக்கில் சேருங்கள்.

ஒரு துணை. பல தொடக்கப் பள்ளிகளில் தமிழாசிரியர்கள் சிலர்தான் இருப்பார்கள். எலியாவின் "நான் ஒருவன் மட்டும்" அங்கே சீக்கிரம் வந்துவிடும். வேறு பள்ளித் தமிழாசிரியர் ஒருவரோடு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, நாற்பது நிமிடம், ஒரு நடை. விதி ஒன்றே ஒன்று: கேட்காமல் அறிவுரை சொல்லக் கூடாது.

இரண்டு வாரத்துக்கு மேல் மனம் இருண்டே இருந்தால், அழுகை அடங்காவிட்டால், இல்லாமல் போனால் நல்லது என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும், காத்திருக்காதீர்கள். 1771 தேசிய மனநல உதவித் தொலைபேசி. 1767 சிங்கப்பூர் அபய ஆலோசனைச் சங்கம், 24 மணி நேரமும். மருந்து தேவை என்று மருத்துவர் சொன்னால் எடுத்துக்கொள்ளுங்கள். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுவதில் இல்லாத வெட்கம் இதில் ஏன்?

கோயில் நிர்வாகத்தாரே, போதகர்களே, இமாம்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் சபையில் ஆசிரியர்கள் யார் யார் என்று உங்களுக்குத் தெரியும். கூட்டம் நடத்த, பிள்ளைகளுக்குச் சொல்லித்தர, அறிவிப்பு எழுத என்று எதற்கும் அவர்களைத்தான் கூப்பிடுகிறீர்கள், அவர்களும் மறுக்க மாட்டார்கள். ஆகஸ்ட் தொடக்கத்திலிருந்து பள்ளி மூடும்வரை அவர்களை எல்லாப் பொறுப்பிலிருந்தும் நீங்களாகவே விடுவியுங்கள். அவர்கள் வந்து கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். அவர்கள் வகுப்பை வேறு யாராவது எடுக்கட்டும். ஆசிரியர் தினத்துக்குப் பொன்னாடை போர்த்துவதை விட, தாள் திருத்தும் வாரத்தில் இரண்டு நாள் அந்த வீட்டுக்கு இரவுச் சாப்பாடு அனுப்புங்கள். கொண்டுபோகிறவர் வாசலிலேயே கொடுத்துவிட்டு வந்துவிடட்டும், உட்கார்ந்து பேச வேண்டாம்.