டப்பாவில் ஒரு டால்பின் படம்

பசிபிக் பெருங்கடலின் கிழக்கு வெப்பமண்டலப் பகுதியில் மஞ்சள் துடுப்புச் சூரை (டூனா) மீன்கள் டால்பின் கூட்டத்துக்கு அடியிலேயே நீந்தும். மூச்சு வாங்க மேலே வரும் டால்பினைக் கண்டால் போதும், கீழே சூரை இருக்கும். அதனால் டால்பின்களைத் துரத்தி, நம் மீனவர்கள் சுருக்குமடி என்று சொல்லும் வலையால் வளைத்துப் பிடித்தார்கள். 1960களில் ஆண்டுக்கு லட்சக்கணக்கான டால்பின்கள் இப்படி வலையில் மூச்சுமுட்டிச் செத்தன. அப்போது அமெரிக்கக் கப்பல்களும் இதைத்தான் செய்தன.

1990இல் அமெரிக்கா ஒரு லேபிள் சட்டம் போட்டது. 'டால்பினுக்குப் பாதுகாப்பானது' என்று டப்பாவில் அச்சிட வேண்டுமானால், அந்த மீன் டால்பினை வளைத்துப் பிடித்ததாக இருக்கக் கூடாது. லேபிள் இல்லாமலும் விற்கலாம். ஆனால் யார் வாங்குவார்கள்? பெரிய டப்பா மீன் நிறுவனங்கள் அதே ஆண்டிலேயே அந்த மீன் வேண்டாம் என்று சொல்லிவிட்டன. மெக்சிகோ இன்னும் டால்பினை வளைத்தே சூரை பிடித்தது. அதன் மீது அமெரிக்கா போட்டிருந்த இறக்குமதித் தடை 2000இல் நீங்கிய பிறகும், அந்தச் சூரைக்குக் கடை அலமாரியில் இடமில்லை. லேபிள் வணிகத்தைத் தடுக்கும் விதம் இதுதான்.

இந்த முறையில் இப்போது டால்பின்கள் அதிகம் சாவதில்லை என்ற மெக்சிகோவின் வாதத்திலும் நியாயம் இருந்தது. வலையில் டால்பின் சிக்கியதும் கப்பலைப் பின்னோக்கி ஓட்டுவார்கள். அப்போது வலையின் தொலைவு விளிம்பு நீருக்குள் அமிழும், டால்பின்கள் அதன் மேலாக வெளியேறிவிடும். 1999இல் நடைமுறைக்கு வந்த பன்னாட்டு ஒப்பந்தத்தின்படி பெரிய கப்பல் ஒவ்வொன்றிலும் ஒரு கண்காணிப்பாளர் இருந்தார். 1980களின் நடுவில் ஆண்டுக்கு ஒரு லட்சத்தைத் தாண்டியிருந்த சாவு, 2010களில் ஆயிரத்துக்கும் கீழே இறங்கியது.

2008இல் மெக்சிகோ உலக வணிக அமைப்பில் முறையிட்டது. 2012இல் மேல்முறையீட்டு அமைப்பு லேபிளின் நோக்கத்தைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தக் கடல் பகுதிக்கு ஒரு கண்டிப்பு, மற்ற கடல்களில் மற்ற முறைகளால் சாகும் டால்பின்களுக்கு ஒரு தளர்வு என்பது பாரபட்சம் என்றது. 2017இல் அமெரிக்கா மீது ஆண்டுக்குச் சுமார் 16.3 கோடி டாலர் அளவில் வணிகப் பதிலடி கொடுக்க மெக்சிகோவுக்கு அனுமதி கிடைத்தது. ஆனால் டால்பினுக்கு எங்கே எவ்வளவு ஆபத்து என்பதைப் பொறுத்து அமெரிக்கா 2016இலேயே விதிகளைத் திருத்தியிருந்தது. அந்தத் திருத்தத்தை உலக வணிக அமைப்பு அப்புறம் ஏற்றதால், வழக்கு அமெரிக்காவுக்குச் சாதகமாக முடிந்தது.

எனக்கு இதில் உறுத்துவது வேறு. அந்த லேபிள் டால்பினை மட்டுமே பார்க்கிறது. மிதவைகளைப் போட்டு அவற்றின் அடியில் கூடும் சூரையைப் பிடித்தால் லேபிள் கிடைத்துவிடும். அந்த வலையில் சுறாக்களும், இன்னும் ஒரு முறைகூட முட்டையிடாத சூரைக் குஞ்சுகளும் சேர்ந்து வரும். அவற்றைப் பற்றி டப்பாவில் ஒரு எழுத்துகூட இல்லை.