காலையில் குளித்த கடல் வேறு, மதியம் இறங்கும் கடல் வேறு

ராமேஸ்வரம் வருகிறவர்களின் ஒரு நாள் பெரும்பாலும் இப்படித்தான் போகும். விடியற்காலையில் அக்னி தீர்த்தத்தில் முழுக்கு, கோயிலுக்குள் 22 தீர்த்தம், தரிசனம், சாப்பாடு, அப்புறம் வேனில் ஏறி தனுஷ்கோடி, அதன் கடைசி முனையான அரிச்சல்முனை. ஆபத்து இந்த வரிசையிலேயே இருக்கிறது. அக்னி தீர்த்தத்தில் வயதான ஆச்சிகள்கூடப் பயமில்லாமல் முங்கி எழுகிறார்கள். அதைப் பார்க்கும் பிள்ளைகள் கடல் என்றால் இவ்வளவுதான் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அதே தைரியத்தோடு மதியம் அரிச்சல்முனையின் தென்பக்கம் இறங்குகிறார்கள்.

இந்த மாவட்டத்தில் அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கும் மருத்துவர் நான். கடலிலிருந்து தூக்கி வரப்படுகிறவர்களின் உறவினர்கள் திரும்பத் திரும்பக் கேட்பது ஒன்றுதான்: "காலையில குளிச்ச அதே கடல்தானே டாக்டர்?"

அதே கடல் இல்லை. வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. இங்குள்ளவர்கள் வடக்கே கிடப்பதைப் பெண்கடல் என்றும் தெற்கே இருப்பதை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். பாக் விரிகுடா ஆழம் குறைந்தது. பெருங்கடலின் அலை அங்கே நுழையாமல் இலங்கையும் ஆதாம் பாலத்து மணல்திட்டுகளும் மறைத்துக்கொள்கின்றன. மன்னார் வளைகுடா தெற்கே இந்தியப் பெருங்கடலை நோக்கித் திறந்து கிடக்கிறது. பாம்பனிலிருந்து தூத்துக்குடி வரையுள்ள 21 தீவுகள் மண்டபம், கீழக்கரைப் பக்கத்துக் கரைக்குக் கொஞ்சம் காவலாக நிற்கின்றன. தனுஷ்கோடியின் தென்கரைக்கு அந்தக் காவலும் கிடையாது.

மே மாதத்திலிருந்து செப்டம்பர் வரை கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று வீசும். தனுஷ்கோடிச் சாலையில் மணல் ஏறிக் கிடக்கும், தென்பக்க அலை ஆளுயரத்துக்கு எழும். கோடை விடுமுறையும் ஆடி அமாவாசையும் சரியாக இந்த மாதங்களில்தான் வருகின்றன. கூட்டம் அதிகமாக வரும் நேரமும் கடல் மோசமாக இருக்கும் நேரமும் ஒன்றாகிவிடுகின்றன. வாடை வீசும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை நிலைமை திரும்பும். அப்போது பெண்கடலையும் நம்ப முடியாது. 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியை அழித்த புயலும் அந்தப் பருவத்தில் வந்ததுதான்.

காற்றே இல்லாத நாளிலும் கடல் பொங்குவது உண்டு. தூரத்தில் தென் பெருங்கடலில் எழும் அலை சில நாள் கழித்து நம் கரைக்கு வந்து சேரும். வானம் தெளிவாக இருக்கும், கரையில் திடீரென்று பெரிய அலை அடிக்கும். இதைத்தான் கள்ளக்கடல் என்கிறோம். ஹைதராபாத்தில் உள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம் இதற்கு முன்கூட்டியே எச்சரிக்கை கொடுக்கிறது. 2024 மே 6 அன்று அப்படி எச்சரிக்கை இருந்தும், கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் மருத்துவம் படித்த பிள்ளைகள் ஐந்து பேர் அலையில் போனார்கள். எங்கள் துறைக்கு வர வேண்டிய பிள்ளைகள். அந்தச் செய்தியை இன்னும் என்னால் சாதாரணமாகச் சொல்ல முடியவில்லை. கடலுக்குக் கிளம்பும் முன் வானிலைச் செய்தியில் கள்ளக்கடல் என்ற சொல் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அன்றைக்குக் கரையில் நின்று பார்த்துவிட்டுத் திரும்புங்கள்.

பெரிய அலையைக் கண்டால் யாரும் ஒதுங்கிக்கொள்வார்கள். ஆளை இழுத்துப்போவது அலைக்கு நடுவே அமைதியாகத் தெரியும் இடம். கரையில் அடித்த தண்ணீர் எல்லாம் கடலுக்குத் திரும்பியாக வேண்டும். தண்ணீருக்கு அடியில் கிடக்கும் மணல்மேட்டில் எங்கே இடைவெளி இருக்கிறதோ அங்கே வாய்க்கால் மாதிரி ஒன்றுகூடி வேகமாக ஓடும். இரண்டு பக்கமும் வெள்ளை நுரை இருக்க, நடுவில் நுரையில்லாமல், நிறம் கொஞ்சம் அடர்ந்து, சில சமயம் மணல் கலங்கித் தெரியும். "இங்கதான் அலையே இல்லை" என்று குடும்பமாக இறங்குவது அந்த இடத்தில்தான். அந்த இழுப்பு ஆளைக் கீழே அமுக்காது, கரையைவிட்டு வெளியே கொண்டுபோகும். வேகம் கூடிய நேரத்தில் ஒலிம்பிக் நீச்சல்காரரே அதை எதிர்த்துக் கரைக்கு வர முடியாது. மாட்டிக்கொண்டால் எதிர்த்து நீந்தாதீர்கள். மல்லாந்து மிதந்து, கையைத் தூக்கிக் காட்டுங்கள். நீந்தத் தெரிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் போய், அலை உடையும் இடம் வந்ததும் அந்த அலையோடு கரை திரும்புங்கள். அரிச்சல்முனையில் குளிக்கவே கூடாது. பலகை வைத்திருப்பது சும்மா இல்லை. குடும்பத்தோடு தண்ணீரில் விளையாட வேண்டுமென்றால், வாடைக் காலம் தவிர்த்த நாட்களில் உச்சிப்புளி பக்கத்து அரியமான் கடற்கரை எவ்வளவோ மேல்.

மூழ்குகிறவர் கத்துவார், கையை ஆட்டுவார் என்று நினைக்கிறோம். பெரும்பாலும் சத்தமே வராது. மூச்சு விடவே வாய் தண்ணீருக்கு மேலே வரமாட்டேன் என்கிறபோது கூப்பிடுவதற்கு மூச்சு ஏது? தலை பின்னால் சாய்ந்திருக்கும், வாய் திறந்து தண்ணீர் மட்டத்தில் இருக்கும், கைகள் இரண்டும் பக்கவாட்டில் தண்ணீரை அமுக்கிக்கொண்டிருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் பிள்ளை நின்று விளையாடுவதாகத்தான் தோன்றும். அதனால் சிறு பிள்ளையோடு இறங்கும் பெரியவர், கை நீட்டினால் பிடிக்கும் தூரத்திலேயே இருக்க வேண்டும். செல்ஃபி எடுத்துவிட்டு வருகிறேன் என்று சொல்லும் அந்த ஒரு நிமிடம் போதும்.

ஒருவர் இழுபடும்போது அண்ணன், மாமா, அப்பா என்று ஒருவர் பின் ஒருவராகக் குதிப்பதுதான் ஒரே குடும்பத்தில் பல சாவுகளாக முடிகிறது. வேனில் எப்படியும் 5 லிட்டர் தண்ணீர் கேன் இருக்கும். காலி கேனை இறுக்கி மூடி அவர் பக்கம் எறியுங்கள். நெஞ்சோடு அணைத்துக்கொண்டால் அது மிதக்க வைக்கும். கயிறோ, முறுக்கிய சேலையோ நீட்டுங்கள். பக்கத்தில் மீன்பிடிக்கும் அண்ணன்மார்களைக் கூப்பிடுங்கள். 108-க்கும், கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093-க்கும் ஆளுக்கொரு போனில் பேசுங்கள்.

கரைக்குக் கொண்டுவந்த பிறகு நடப்பதுதான் எனக்குப் பெரிய வேதனை. தலைகீழாகத் தூக்குகிறார்கள், தோளில் போட்டு ஓடுகிறார்கள், வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுக்கிறார்கள். வயிற்றை அமுக்கினால் சாப்பிட்ட சோறு மேலே வந்து மூச்சுக்குழலுக்குள் போகிறது. அப்படி வந்தவர்களின் தொண்டையிலிருந்து சோற்றுப் பருக்கையை உறிஞ்சி எடுத்துவிட்டுத்தான் எங்களால் மூச்சு கொடுக்கும் குழாயே போட முடிகிறது. மூச்சு நின்றவருக்கு வேண்டியது காற்று. மல்லாக்கப் படுக்க வைத்து, நெற்றியைப் பின்னால் சாய்த்து, தாடையைத் தூக்கி, மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயோடு வாய் வைத்து ஐந்து முறை ஊதுங்கள். நெஞ்சு மேலெழுகிறதா என்று பாருங்கள். வாயில் நுரை வந்தால் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டாம், ஊதுங்கள். அசைவே இல்லையென்றால் நடுநெஞ்சில் இரு கைகளை வைத்து, பெரியவருக்கு 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 என்ற வேகத்தில் 30 முறை அழுத்தி, இரண்டு முறை ஊதுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை இதையே மாற்றி மாற்றிச் செய்யுங்கள். தனுஷ்கோடிக்கு வண்டி வந்து சேர நேரமாகும், மூளையோ சில நிமிடம்தான் தாங்கும்.

பிழைத்து எழுந்து உட்கார்ந்துவிட்டால் எல்லாரும் நிம்மதியாகி, இருட்டுவதற்குள் ஊருக்குக் கிளம்பிவிடுகிறார்கள். இருமல் நிற்காமல் இருந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, பிள்ளை சோர்ந்து தூங்கிக்கொண்டே இருந்தாலோ அந்த வேன் மதுரைக்குப் போகக் கூடாது. நுரையீரலில் நீர் கோப்பது சில மணி நேரம் கழித்தும் தெரியவரும். பக்கத்து அரசு மருத்துவமனைக்கு வந்து 6 முதல் 8 மணி நேரம் எங்கள் கண்காணிப்பில் இருந்துவிட்டு, ஆக்சிஜன் அளவு சரி என்று நாங்கள் சொன்ன பிறகு கிளம்புங்கள்.