ஓரத்தில் கறுப்புக் கோடு, இடம் மாறிய கொம்பு: கம்போசிட்டிங்கில் அடிக்கடி வரும் சிக்கல்கள்

மும்பையில் அந்தேரி, மலாட் பக்கத்து விஷுவல் எஃபெக்ட்ஸ் ஸ்டுடியோக்களில் தமிழ்ப் பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். தாராவியிலிருந்தும் சயான் கோலிவாடாவிலிருந்தும் செம்பூரிலிருந்தும் ரயிலேறி வருகிறவர்கள். ரோட்டோவில் (ஆளை ஃபிரேம் ஃபிரேமாகக் கையால் வரைந்து பிரிப்பது) சேர்ந்து, பெயின்ட் (வேண்டாததை அழிப்பது), கீயிங் (திரையின் நிறத்தை வைத்து ஆளை வெட்டி எடுப்பது) என்று படிப்படியாகக் கம்போசிட்டிங்குக்கு, அதாவது தனித்தனிப் படங்களை ஒரே காட்சியாகச் சேர்க்கும் வேலைக்கு, வருவார்கள். அவர்களோடு உட்கார்ந்து ஷாட் பார்க்கும்போது நான் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான். குறை எந்த லேயரில் கண்ணுக்குத் தெரிகிறதோ அங்கேயே திருத்த ஆரம்பிக்காதீர்கள். அது எந்தப் படியில் உள்ளே வந்தது என்று பின்னால் போய்ப் பாருங்கள். கடைசி லேயரில் போட்ட ஒட்டு அந்த ஒரு ஃபிரேமில் நன்றாக இருக்கும். பத்து ஃபிரேம் தள்ளிப் பார்த்தால் பிரிந்திருக்கும்.

முதலில் ஓரக் கோட்டை எடுத்துக்கொள்வோம். ஒரு லோகோவையோ புகையையோ பின்னணியின் மேல் வைத்ததும் அதைச் சுற்றி மெல்லிய கறுப்பு விளிம்பு தெரியும். உடனே எல்லோரும் செய்வது மேட்டை (எது தெரிய வேண்டும், எது மறைய வேண்டும் என்று காட்டும் கறுப்பு வெள்ளை வடிவத்தை) ஒரு பிக்சல் சுருக்குவது. கோடு போய்விடும், கூடவே முடி நுனியும் புகையின் மென்மையும் போய்விடும். காரணம் ஆல்ஃபாவில் இருக்கிறது. ஒவ்வொரு பிக்சலும் பின்னணியை எவ்வளவு மறைக்க வேண்டும் என்பதுதான் ஆல்ஃபா. சில கோப்புகளில் நிறத்தை ஏற்கெனவே அந்த எண்ணால் பெருக்கியிருப்பார்கள், அது பிரீமல்டிபிளைடு. பெருக்காமல் விட்டால் ஸ்ட்ரெய்ட். பெருக்கி வந்த கோப்பை மென்பொருள் பெருக்காதது என்று எடுத்துக்கொண்டால், இன்னொரு முறை பெருக்கும். பாதி தெரிய வேண்டிய வெள்ளை ஓரப் பிக்சல் 0.5 என்ற மதிப்பிலிருந்து 0.25-க்கு இறங்கிவிடும். நீங்கள் பார்க்கிற கறுப்புக் கோடு அதுதான். ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் மென்பொருளில் இன்டர்பிரெட் ஃபுட்டேஜ் என்ற அமைப்புக்குப் போய் ஆல்ஃபா வகையைச் சரியாகச் சொன்னால் போதும், மேட்டைத் தொடவே வேண்டாம். நியூக் மென்பொருளில் படங்களைச் சேர்க்கிற மெர்ஜ் நோடு பெருக்கி வந்த படத்தைத்தான் எதிர்பார்க்கிறது. அதனால் கலர் கரெக்‌ஷனுக்கு முன்னால் அன்பிரீமல்ட் (பெருக்கியதை வகுத்து எடுப்பது), முடிந்ததும் பிரீமல்ட் (மறுபடி பெருக்குவது). தாமஸ் போர்ட்டரும் டாம் டஃப்பும் 1984-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் இந்தக் கணக்கு முழுசாக இருக்கிறது. இன்றைக்கும் மென்பொருள்கள் அந்த அடிப்படையில்தான் ஓடுகின்றன. ஒரு மாலை ஒதுக்கிக் காகிதத்தில் இரண்டு பிக்சலுக்கு அந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள் என்று புதிதாக வருகிற எல்லோரிடமும் சொல்வேன். அதற்குப் பிறகு ஓரங்களைப் பார்த்துப் பயம் வராது.

கிரீன் மேட் ஷாட், அதாவது பச்சைத் திரைக்கு முன்னால் எடுத்த காட்சி, சரியாக வெட்டுப்படவில்லை என்றால் கேமரா என்ன பதிவு செய்தது என்று முதலில் பாருங்கள். கைபேசியும் சாதாரண கேமராக்களும் பெரும்பாலும் 4:2:0 முறையில் பதிவு செய்கின்றன. வெளிச்சம் ஒவ்வொரு பிக்சலுக்கும் தனியாக இருக்கும், நிறம் மட்டும் நான்கு பிக்சலுக்கு ஒன்று. வெட்டுகிற கருவியான கீயர் நம்பியிருப்பதே நிறத்தை என்பதால் முடியோரம் படிக்கட்டு மாதிரி வெட்டுப்படுகிறது. கேமராவில் நிறத்தைக் கூடுதலாகப் பதிவு செய்யும் 4:2:2, 10 பிட் இருந்தால் அதில் எடுக்கச் சொல்லி ஷூட்டுக்கு முன்னாலேயே கேளுங்கள். மும்பையில் இன்னொரு தொல்லை இடம். சின்ன அறையில் திரையை முதுகை ஒட்டிக் கட்டிவிடுவார்கள். கன்னத்திலும் தோளிலும் பச்சை ஏறிவிடும். ஆளை ஆறேழு அடி முன்னால் நிறுத்தி, திரைக்குத் தனியாக, சீராக விளக்கு வைத்தால் ஸ்பில் (ஆள் மேல் ஏறிய பச்சை) எடுக்கும் வேலை பாதியாகக் குறையும். பொருளையும் கவனியுங்கள். வாழையிலைச் சாப்பாட்டுக்கும் பச்சைப் பட்டுக்கும் பச்சைத் திரை கட்டக் கூடாது, நீலம் கேளுங்கள். ஒரே கீயில் எல்லாவற்றையும் வெட்டவும் பார்க்காதீர்கள். முடிக்கு மென்மையாக ஒன்று, உடம்புக்கு அழுத்தமாக ஒன்று, தேவையில்லாத பகுதிக்குக் கையால் வரைந்த கார்பேஜ் மேட். மூன்றையும் சேர்த்தால்தான் நம்பும்படி வரும்.

வெட்டியது சுத்தமாக இருந்தும் ஆள் பின்னணியில் ஒட்டாமல் மிதந்தால், பெரும்பாலும் கறுப்பு பொருந்தவில்லை. வியூவரில் காமாவை (இருண்ட, நடுத்தரப் பகுதிகளின் வெளிச்சத்தை) ஏற்றிப் பாருங்கள். பின்னணியின் நிழல் சாம்பலாகவும் ஆளின் நிழல் அட்டைக் கறுப்பாகவும் இருப்பது தெரிந்துவிடும். அப்புறம் கிரெயினும் (படத்தின் பொடிப்புள்ளி) மோஷன் பிளரும் (அசைவில் வரும் மங்கல்) பின்னணியோடு பொருந்துகின்றனவா என்று பாருங்கள்.

படத்தில் பட்டை பட்டையாக வெளிச்சம் ஓடினால் அதற்கும் பிறப்பிடம் ஷூட்தான். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதில் எரிகிற சாதாரண விளக்கு வினாடிக்கு 100 முறை ஏறி இறங்கும். ஷட்டரை 1/50 அல்லது 1/100 வினாடியில் வைத்தால் அநேகமாக வராது. வந்த பிறகு எடுப்பது பாடு. கைபேசிக் காட்சியில் ஃபிரேம் வேகம் கூடிக் குறைந்துகொண்டே இருக்கும் என்பதால், டிராக்கிங்குக்கும் (அசைவைப் பின்தொடர்வது) எடிட்டுக்கும் முன்னால் சீரான வேகத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். வினாடிக்கு 23.976 ஃபிரேமையும் 24 ஃபிரேமையும் ஒன்றாக எண்ணுவது 30 வினாடி விளம்பரத்தில் தெரியாது. ஒரு மணி நேரப் பேச்சில் ஒலி 3.6 வினாடி விலகி நிற்கும்.

எனக்கு உண்மையிலேயே வேதனை தருவது தமிழ் எழுத்து படும் பாடு. மும்பையில் விளம்பரத்தை இந்தியில் முடித்துவிட்டுப் பிறகு மற்ற மொழிகளுக்கு மாற்றுவார்கள். தமிழ் வாசகம் வாட்ஸாப்பில் வரும். உட்கார்ந்து ஒட்டுகிறவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, ஒப்புதல் தருகிறவருக்கும் தெரியாது. ‘கொ’வில் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நின்றாலும் அவர்களுக்கு எல்லாம் ஒன்றுதான். அது அப்படியே தமிழ்நாட்டுத் தொலைக்காட்சிக்குப் போகிறது. நம் எழுத்து நம் வீட்டுக்கே உடைந்து வந்து சேர்கிறது.

யூனிகோடில் ‘கொ’ என்பது ககரமும் அதற்குப் பின்னால் ஒகரக் குறியும்தான். கொம்பை இடப்பக்கம் கொண்டுவந்து வைப்பது எழுத்தை வரைகிற மென்பொருளின் வேலை. ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் எழுத்து உடைந்தால் ஃபான்ட்டை மாற்றி மாற்றிப் பார்ப்பதில் பயனில்லை. பிரிஃபரன்சஸில் டைப் என்ற பகுதிக்குப் போய், தெற்காசிய, மத்திய கிழக்கு மொழிகளுக்கான டெக்ஸ்ட் எஞ்சின் என்ற தேர்வு உங்கள் பதிப்பில் இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்து, புதிய லேயரில் வாசகத்தை ஒட்டிப் பாருங்கள். வாசகம் பாமினி போன்ற, யூனிகோடு அல்லாத பழைய ஃபான்ட்டில் வந்திருந்தால் அதை யூனிகோடுக்கு மாற்றாமல் எதுவும் நடக்காது.

எழுத்து சரியாக வந்த பிறகும் ஒரு கண்ணி இருக்கிறது. ஆயத்தமாகக் கிடைக்கிற அனிமேஷன்கள் ஒவ்வொரு எழுத்தாகப் பறந்து வருகிற மாதிரி செய்தவை. ஆங்கிலத்துக்கு அது அழகு. தமிழில் கொம்பு ஒரு பக்கமும் துணைக்கால் ஒரு பக்கமும் தனித்தனியாகப் பறந்துவிடும். எந்த அலகாக அசைய வேண்டும் என்று சொல்கிற ரேஞ்ச் செலக்டரில் கேரக்டர்ஸ் என்றிருப்பதை வேர்ட்ஸ் என்று மாற்றுங்கள். எழுத்தெழுத்தாகத்தான் வேண்டும் என்று வாடிக்கையாளர் கேட்டால், டெக்ஸ்ட்டை ஷேப்பாக மாற்றி, கொம்பும் மெய்யும் காலும் சேர்ந்த முழு எழுத்துகளாகக் கையால் குழு பிரிக்க வேண்டும். நேரம் பிடிக்கும்; அந்த நேரத்தைக் கொட்டேஷனிலேயே சேர்த்துக் கேளுங்கள்.

இந்திக்கு அளந்து செய்த பெட்டியில் தமிழ் அடங்காது; வாசகம் நீளமாகத்தான் வரும். எழுத்தைப் பொடியாக்கி அடைப்பதைவிட, மூல டிசைனிலேயே இடம் விடச் சொல்லிக் கேட்பது நல்லது. ஃபான்ட்டுக்குக் குறைவில்லை. மும்பையிலேயே இருக்கிற ஏக் டைப் குழுவினர் செய்த முக்தா மலரும் பலூ தம்பியும் இலவசமாகக் கிடைக்கின்றன, திரையில் தெளிவாகவும் இருக்கின்றன.

ரெண்டருக்கு முன்னால் ஒவ்வொரு எழுத்துச் சட்டத்தையும் ஸ்டில்லாக எடுத்து, தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவருக்கு அனுப்பி வாசிக்கச் சொல்லுங்கள். ஆள் கிடைக்காவிட்டால் எனக்கு அனுப்புங்கள், நான் பார்த்துச் சொல்கிறேன். புதிய கணினியில் தமிழ் வேலை தொடங்கும்போது ‘கொடு, கோடு, கேள், கௌரி, பூ, ஸ்ரீ’ என்று ஒரு வரி அடித்துப் பாருங்கள். முதல் இரண்டு சொற்களிலும் ககரம் கொம்புக்கும் காலுக்கும் நடுவில் நிற்க வேண்டும். ‘ஸ்ரீ’ ஒரே எழுத்தாக வர வேண்டும். இந்த வரி சரியாக வராத கணினியில் தமிழ் வேலையைத் தொடங்க வேண்டாம்.