‘எனக்குச் சரியாகத்தானே வருகிறது’ என்று புகாரை மூடாதீர்கள்

பாளையங்கோட்டை, வண்ணார்பேட்டைப் பக்கம் சிறு நிறுவனங்களில் நிரல் எழுதும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். போன வாரமும் ஒரு பிழைப் புகார், ‘இங்கே சரியாக வருகிறது’ என்ற ஒற்றை வரியோடு மூடப்பட்டுத் திரும்பி வந்தது. இனியும் பொறுக்க முடியவில்லை.

சங்கரன்கோவில் பக்கம் ஒரு பூக்கமிஷன் கடை. சில பில்களில் மட்டும் முந்தின நாள் தேதி விழுகிறது என்றார் கடை அண்ணாச்சி. நிரலாளர் பகல் பதினொரு மணிக்கு ஒரு பில் போட்டுப் பார்த்தார். தேதி சரியாக இருந்தது, புகாரை மூடிவிட்டார். அண்ணாச்சி மறுபடி கூப்பிட்டதும் தேதியோடு ஒரு நாளைக் கூட்டி வைத்தார். விடிகாலை பில்கள் சரியாகின. பகல் பில்களெல்லாம் நாளைய தேதிக்குப் போய்விட்டன.

சர்வர் யுடிசி நேரத்தில், அதாவது இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி பின்தங்கிய உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது. விடிகாலை 4.40க்குப் போட்ட பில் அங்கே முந்தின நாள் இரவு 11.10. தேதியைப் பிரித்தெடுக்கும் முன் இந்திய நேரத்துக்கு மாற்றியிருந்தால் வேலை முடிந்தது. ‘எத்தனை மணிக்குப் போட்ட பில், அண்ணாச்சி?’ என்று கேட்க ஏன் யாருக்கும் தோன்றவில்லை?

உங்கள் கணினியில் சரியாக வருவதால் எதுவும் நிரூபணமாகாது. அதன் கடிகாரம் இந்திய நேரத்தில் ஓடுகிறது. உங்கள் சோதனைத் தரவில் பத்து வரிகள். கடையில் பல வருடத்துக் கணக்கு. நீங்கள் ‘டெஸ்ட்’ என்று பெயர் கொடுக்கிறீர்கள். அங்கே தமிழில், தலைப்பெழுத்தும் புள்ளியுமாகப் பெயர் வருகிறது. பாதி பில்லில் மின்சாரம் போவது உங்கள் மேசையில் நடப்பதில்லை. இங்கே வராதது அங்கே வருகிறதென்றால் இரண்டு இடத்துக்கும் ஏதோ வேறுபாடு இருக்கிறது. அதைத் தேடுங்கள்.

புகார் வந்தவுடன் நிரலைத் திறக்காதீர்கள். என்ன செய்தார்கள், எதை எதிர்பார்த்தார்கள், என்ன வந்தது, எந்த நேரம், எந்தப் பதிப்பு என்று கேட்டு டிக்கெட்டில், அதாவது அந்தப் புகாருக்கான பதிவில், எழுதுங்கள். பிழையை உங்கள் கண்முன் வரவழையுங்கள். அதைக் காட்டிக்கொடுக்கும் சோதனையை எழுதிவிட்டுப் பிறகு திருத்துங்கள். நேரம் தொடர்பான பிழை என்றால், கடிகாரத்தை விடிகாலைக்கு மாற்றி வைத்தே சோதியுங்கள். வந்த பிழைச்செய்தியை லாகில் (நிரலின் நிகழ்வுப் பதிவில்) கூட எழுதாமல் விழுங்கும் நிரலை எழுதவே எழுதாதீர்கள். அடுத்து வருகிறவர் எதை வைத்துத் தேடுவார்?

‘போன மாதம் சரியாக இருந்தது’ என்கிறார்களா? பிழை எந்த மாற்றத்தில் நுழைந்தது என்று தேட உதவும் ‘கிட் பைசெக்ட்’ கட்டளை எதற்கு இருக்கிறது? ஒவ்வொரு முறையும் பாதியை ஒதுக்கிக்கொண்டே போவதால், ஆயிரம் கமிட்டுகள் (பதிவு செய்து வைத்த நிரல் மாற்றங்கள்) இருந்தாலும் சுமார் பத்துச் சோதனையில் பிழை நுழைந்த இடம் தெரிந்துவிடும். ஆனால் ஒரு வாரத்து வேலையை வெள்ளிக்கிழமை மாலையில் ஒரே கமிட்டாகத் தள்ளுகிறவருக்கு அதனாலும் பெரிய பயனில்லை.

குழுத் தலைவர்களிடம் ஒரு வேண்டுகோள். யார் அதிக டிக்கெட் மூடினார் என்று எண்ணிப் பாராட்டாதீர்கள். பிள்ளைகள் அவசர அவசரமாக மூடுவதே அதற்குப் பயந்துதான். மூடியவற்றில் எத்தனை திரும்பி வந்தன என்று பாருங்கள். புகார் சொன்னவர் சரியாகிவிட்டது என்று சொல்லும்வரை டிக்கெட் திறந்தே இருக்கட்டும்.