பச்சை மண்ணையும் கிளேஸையும் ஒரே சூளையில வெச்சா என்ன ஆகும்?

சுட்ட மண்ணும் பச்சை மண்ணும் ஒட்டாதுன்னு ஊர்ல சொல்லுவாங்க. எனக்கு பாட்டரி கத்துக்குடுத்த சார் அதுக்கும் ஒரு படி மேல, இன்னும் சுடாத பச்சைப் பாத்திரத்தையும், கிளேஸ் (சூட்டுல உருகி கண்ணாடி மாதிரி ஆகுற பூச்சு) பூசின பாத்திரத்தையும் ஒரே சூளையிலயே வைக்கக்கூடாதுன்னுட்டாரு. ஏன் சார்னா, வெடிக்கும், கேஸ் வரும், கிளேஸ் பாழாயிடும், அனுபவத்துல சொல்றேன், அவ்ளோதான். நானும் 2 வருஷம் பாதி காலியா இருக்கிற எலக்ட்ரிக் சூளையை தனித்தனியா ஓட்டி ஓட்டி கரண்ட் பில்லு கட்டினேன்.

அப்புறம்தான் ஒவ்வொரு காரணத்தையும் டிகிரி கணக்குல வெச்சுப் பாத்தேன். மொதல்ல வெடிக்கிறது. நல்லா காஞ்சதுன்னு நாம நினைக்கிற பச்சைப் பாத்திரத்துலயும் உள்ள ஈரம் இருக்கும், 100 டிகிரியைத் தாண்டினா அது ஆவி, ஒரு லிட்டர் தண்ணி ஆவியானா சுமார் 1,700 லிட்டர் இடம் கேக்கும், வெளிய போக வழி கிடைக்கலன்னா பாத்திரத்தைப் பொளந்துக்கிட்டுதான் போகும். அதனால சூட்டை மெதுவா ஏத்தணும். சரி, மெதுவா ஏத்தினா கிளேஸுக்கு என்ன நஷ்டம்? ஒண்ணுமில்ல. பிஸ்க் பாத்திரத்தை, அதாவது கிளேஸ் பூசறதுக்கு முன்னாடி ஒரு தடவை சுட்டதை, கிளேஸ்ல முக்கும்போது அதுவும் தண்ணிய உறிஞ்சித்தானே வெச்சிருக்கு, அதுக்கும் மெதுவா காயுறது நல்லதுதான்.

அடுத்து கேஸ். மண்ணுல இருக்கிற வேர், தூசி, கரி எல்லாம் 300லேர்ந்து 700 வரைக்கும் எரிஞ்சு புகையா போகும், மண்ணோட கெமிக்கலா கட்டிப்போட்ட தண்ணி 450லேர்ந்து 600க்குள்ள கழண்டுக்கும், சுத்தமான கயோலின்ல (வெள்ளைக் களிமண்) அதுவே எடையில 14 சதவீதம். இத்தனையும் நடக்கிறப்போ என் கோன் 04 கிளேஸ் (1,060 டிகிரி பக்கம் உருகுறது) இன்னும் வெறும் பவுடர் பூச்சுதான், கண்ணாடியா உருகி மூடவே இல்ல. அதனால 700 தாண்டுற வரைக்கும் சூளையோட ஓட்டையைத் திறந்து வெச்சு காத்தோட்டம் குடுத்தா புகை அதுபாட்டுக்கு வெளிய போயிடும். நான் சுடுறது செம்மண், பிஸ்க்கும் கிளேஸும் ரெண்டுமே கிட்டத்தட்ட 1,060 டிகிரி, அதனாலதான் ஒரே ஓட்டத்துல முடியுது.

ஆனா சார் சொன்னது சும்மா இல்ல. அவரு செய்யறது ஸ்டோன்வேர், ரொம்ப சூட்டுல சுட்டு கல்லு மாதிரி இறுக வைக்கிற பாத்திரம். அதுக்கு கிளேஸ் 1,220 டிகிரி பக்கம் போகணும், அந்த சூட்டுல பச்சைப் பாத்திரத்தை வெச்சா மண்ணு இறுகி கெட்டியாயிடும், அப்புறம் கிளேஸை உறிஞ்சவே உறிஞ்சாது. அவரு சூளைக்கு அந்த ரூல் நூத்துக்கு நூறு சரி.

ஒரு இடத்துல சரியா இருக்கிற ரூலை இன்னொரு இடத்துக்கு நீட்டினா உதைக்கும், இங்கிலாந்து குயவர் ஜோசையா வெட்ஜ்வுட்டுக்கும் இதே கதைதான். சூட்டுல களிமண் எவ்ளோ சுருங்குதுன்னு பாத்து சூளையோட வெப்பத்தை அளக்கிற ஒரு முறையை 1782ல வெளியிட்டாரு, அடுத்த வருஷமே அங்க இருக்கிற விஞ்ஞானிகள் சங்கமான ராயல் சொசைட்டில உறுப்பினர் ஆக்கிட்டாங்க. இந்த சூளைக்கும் அந்த சூளைக்கும் சூடு ஒண்ணுதானான்னு ஒப்பிட்டுப் பாக்க அது பிரமாதம். ஆனா அதையே டிகிரி கணக்கா மாத்தி நீட்டினப்போ வார்ப்பிரும்பு உருகுறது 17,977 ஃபாரன்ஹீட்னு வந்துச்சு! நிஜத்துல அது 2,200 பக்கம்தான்.

ஒண்ணு மட்டும் ஜாக்கிரதை, குரோம் கலந்த பச்சை கலர் கிளேஸை டின் (வெள்ளீயம்) போட்ட வெள்ளை கிளேஸ் பக்கத்துல வெச்சா, குரோம் ஆவியா போய் வெள்ளைய பிங்க் ஆக்கிடும். இதுக்கும் பச்சை மண்ணுக்கும் சம்பந்தமே இல்ல, ஆனா பழி மட்டும் அது மேலதான் விழும்.

மொத தடவை சேத்து சுட்டப்போ பச்சையெல்லாம் கீழ் தட்டுல, கிளேஸெல்லாம் மேல வெச்சேன், எதாவது வெடிச்சாலும் துண்டு கிளேஸ் மேல விழக்கூடாதுன்னு. திறந்து பாத்தா அக்கா பையன் செஞ்ச யானை சுக்குநூறு, கால் ஒவ்வொண்ணும் கட்டை விரலைவிட தடிமன். மேல 7 கப்பும் பளபளன்னு இருந்துச்சு. சார்கிட்ட ஒண்ணு கொண்டுபோய்க் குடுத்தேன், திருப்பி அடியைப் பாத்தாரு, நகத்தால தட்டிப் பாத்தாரு, "யானையை ஏன் இன்னும் 1 வாரம் காயவிடல?"ன்னு மட்டும் கேட்டாரு.